அரியாலைக்குப் போன நிழல்

பங்குனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, நீர்வேலியில் ஏரம்புவின் வீட்டுக்கு அரியாலையிலிருந்து பராசக்தி வந்து இறங்கினாள். கால் கழுவுவதற்கு முன்பே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி தில்லைநாதனின் மகனுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அரியாலைப் பிள்ளையார் கோயிலில் அவனுக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டி, சோறு தீத்த வேண்டும். அதற்குப் பிள்ளையைச் சனிக்கிழமையே தகப்பன் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அந்த வீட்டுக்குப் பிள்ளை போவது இதுவே முதல் தடவை என்றபடியால், சாத்திரியாரிடம் நேரமும் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு உச்சிப்பொழுது. அபிசித்து முகூர்த்தம். அந்த நேரத்திலை ஒரு தோசமும் கிட்ட வராது," என்றாள்.

பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஏரம்புவின் மகள் ஞானாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பிடி வரும், மச்சாள்? தோசமும் வெயிலுக்குப் பயந்து எங்கையாவது மரநிழலிலை படுத்திருக்கும்."

தில்லைநாதன் சிரித்தான். அக்கா திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். அவன் கலியாணம் செய்த நாளிலிருந்து மனைவி வீட்டிலேதான் இருக்கிறான். பட்டினத்தில் ஒரு புடைவைக் கடையில் வேலை. பச்சை கேட்டவளுக்குப் பச்சையை எடுத்துப் போட்டு, சிவப்புக் கேட்டவளுக்குச் சிவப்பை எடுத்துப் போட்டு, இரண்டுபேருக்கும் "உங்களுக்கு இதுதான் எடுப்பு" என்று சொல்லிப் பழகியவன். வீட்டிலும் அவனுக்கு அதே தொழில்தான்.

ஞானாம்பிகை பகிடியாகச் சொன்னாளே தவிர, அவளுக்குப் பயம் இருந்தது. போன மாதம் கோயில் தேரன்று பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு வீதியில் நின்றாள். இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று பார்த்துப் பார்த்து நின்றதில் வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து இறக்கியபோது பிள்ளை அவித்த இறால்போலச் சிவந்து கிடந்தது. பால் குடிக்கவில்லை. அழவுமில்லை. அழாததுதான் அவளைக் கலக்கியது. ஊர் வைத்தியர் பரியாரியார் வந்து நனைத்த துணியால் உடம்பை ஒற்றி ஒற்றி எடுத்து, பொழுதுபடும் நேரத்தில் பிள்ளை முலையைத் தேடி வாயைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தன் மூச்சே வந்தது.

"பெரியாக்கள் வெயிலிலை நிண்டால் களைப்பினம். இது களைக்காது, பிள்ளை. வாடிப்போம்," என்று பரியாரியார் சொல்லிவிட்டுப் போனார். "இன்னொருக்கால் வெயில் குடிக்க விட்டியோ, என்னைக் கூப்பிடாதை."

அன்று தொடக்கம் அவள் நிழலைப் பார்த்தே வேலை செய்தாள். காலையில் வீட்டின் மேற்குப் பக்கத்துப் பலாமரத்தில் பிள்ளையைத் தூங்க வைக்கச் சேலையால் ஏணை கட்டுவாள். நிழல் நகர்ந்தால் ஏணையும் நகரும். பின்நேரத்தில் அது கிழக்குப் பக்கத்து மாமரத்துக்குப் போய்விடும். "எங்கடை வளவிலை சூரியனுக்கு எதிரா ஒரு ஏணை சுத்துது," என்று தகப்பன் ஏரம்பு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஏரம்புவே இப்போது மகளுக்காக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"பிள்ளை பராசக்தி, உங்கடை சாத்திரியார் பாக்கிறது வாக்கியமோ, திருக்கணிதமோ? எங்கடை வீட்டிலை மற்றப் பஞ்சாங்கம்தான் பாக்கிறது, கண்டியோ."

"மாமா, எந்தப் பஞ்சாங்கத்தைத் திறந்தாலும் சூரியன் உச்சிக்கு வாறது மத்தியானத்திலைதான்."

ஏரம்பு வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துப் பக்கமாகப் போய்விட்டார்.

"கூடாரம் போட்ட வண்டில்தானே, ஞானம்," என்றான் தில்லைநாதன் மெல்ல.

"மத்தியானத்திலை கூடாரத்துக்குள்ளை ஒருக்கால் இருந்து பாருங்கோ. அது கூடாரமில்லை, பாண் சுடுற போறணை அடுப்பு. நான் பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்."

"வராட்டி ஞாயித்துக்கிழமை ஆருக்குச் சோறு தீத்துறது? எங்கடை அப்புவுக்கோ?" என்றாள் பராசக்தி. "அவர் ஆறு மாசமா இந்தப் பேரன் வாற வழியைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். முழங்கால் பிடிச்ச மனிசன், இஞ்சை வரமுடியுமெண்டால் எப்பவோ வந்திருப்பார்."

மாமனார் நல்ல மனுசர் என்று ஞானாம்பிகைக்குத் தெரியும். அவருக்காகவாவது போகத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையை அந்த வெயிலில் வைக்கவும் முடியாது.

அடுத்த நாள் காலை, ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தவள் ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மச்சாள், சாத்திரியார் வெளிக்கிட நேரம் சொன்னவரோ, போய்ச் சேர நேரம் சொன்னவரோ?"

"வெளிக்கிடத்தான். சேருறது விளக்கு வைக்க முன்னம் சேர்ந்தாற் சரி. விளக்கு வைச்சாப் பிறகு பச்சைப்பிள்ளையை முதன்முதல் படியேத்தக்கூடாது."

"அப்ப உச்சிக்கு எங்கடை வாசற் படலையைத் தாண்டினாற் போதும்?"

"ஓம்."

"தாண்டினாப் பிறகு வழியிலை நிண்டு இளைப்பாறலாமோ?"

"இளைப்பாறலாம். ஆனால் வெளிக்கிட்ட பயணம் திரும்பக்கூடாது. அதுதான் முக்கியம்."

"திரும்பமாட்டம், மச்சாள்," என்றாள் ஞானாம்பிகை. சொல்லிவிட்டு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போய், குணலட்சுமியோடு ஏதோ கதைத்துவிட்டு வந்தாள்.

சூரியன் தலைக்கு நேரே வந்தபோது குணலட்சுமியின் புருசன் நடராசா வண்டிலைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தினான். கூடாரத்து வளைகளில் ஏணை கட்டியாயிற்று. ஏரம்பு இரண்டு இதரை வாழைக்குலையும் ஒரு கதலிக்குலையும் ஏற்றினார். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் கொளுத்தியது அந்த வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. குணலட்சுமி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். "கவனமாய்ப் போயிட்டு வாங்கோ, போய்ச் சேர்ந்த உடனை சுகத்துக்குச் சொல்லியனுப்புங்கோ," என்று பிள்ளையின் காலைப் பிடித்துக் கொஞ்சினாள். பராசக்திக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல அயல் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டில் படலையைத் தாண்டியது. தில்லைநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். பராசக்தி கூடாரத்தின் பின்பக்கத்தில் வசதியாகச் சாய்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பூசத் தொடங்கினாள். பூசி முடியுமுன்பே, கிடுகு வேலி முடிந்த இடத்தில் வண்டில் திரும்பி அடுத்த வளவுக்குள் நுழைந்தது.

"என்ன நடராசா, என்னத்தையேன் மறந்துபோட்டியோ?"

"இல்லை அக்கா. இளைப்பாறப் போறம்."

"வாயிலை வெத்திலையை வைக்க முன்னம் என்னடா இளைப்பு?"

வண்டில் நின்றது. வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி அவர்களுக்கு முன்பே வந்துவிட்ட குணலட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்கோ, வாங்கோ! இந்த வெயிலுக்குள்ளை எங்கை இருந்து வாறியள்?"

பராசக்தி வாயைத் திறந்தாள். சுண்ணாம்பு பூசிய வெற்றிலை கையிலேயே நின்றது. பயணத்துக்கு நேரம் சரிவராவிட்டால், நல்ல நேரத்தில் ஒரு துணிமூட்டையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாகப் புறப்படுகிற வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. மூட்டைக்குப் பதிலாக ஆட்களையே கொண்டுபோய் வைத்ததைத்தான் அவள் முன்பின் கண்டதில்லை.

"தம்பி, இதுக்கு நீயும் உடந்தையோ?"

"எனக்கொண்டும் தெரியாதக்கா," என்றான் தில்லைநாதன். அது மெய்தான். ஆனால் அவன் அதற்குள் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுச் சால்வையால் விசிறத் தொடங்கியிருந்தான்.

"படலையைத் தாண்டியாச்சு, மச்சாள். திரும்பவுமில்லை. நீங்கள் சொன்னதிலை எது பிழைச்சது?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

எதுவும் பிழைக்கவில்லை. பராசக்தி எல்லாத் திசையாலும் யோசித்துப் பார்த்தாள். பிழை அகப்படவில்லை. அதனாலே கோபம் இன்னும் கூடியது.

நடராசாவின் வளவில் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். காலையில் தண்ணீர் கட்டிய பாத்திகள் இன்னும் ஈரமாயிருந்தன. இலைக்கு மேல் இலை விழுந்து அங்கே பகலே பச்சையாகத் தெரிந்தது. இரண்டு மரத்துக்கிடையில் ஏணையைக் கட்டிவிட்டார்கள். பிள்ளை காலை உதறி, தலைக்கு மேல் ஆடுகிற இலையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது. ஏரம்பு வேலிப் பொட்டுக்குள்ளால் சோற்றுப் பானையோடு வந்தார்.

"பயணக்காரருக்குச் சாப்பாடு கொண்டந்தனான். தூரத்துப் பயணம், பசிக்குமெல்லோ."

கறிக்கு முருங்கைக்காயும், கத்தரிக்காய்ப் பாற்கறியும், வாழைப்பூ வறையும். பராசக்தி முதலில் தனக்குப் பசியில்லை என்றாள். பிறகு வறையை மட்டும் ருசி பார்த்தாள். பிறகு ருசி பார்த்த இலையை எறியக்கூடாதென்று சோறும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டபின் அவளும் வாழையடியில் பாயைப் போட்டுச் சாய்ந்தாள். அவளுடைய குறட்டை நின்றபோது நிழல்கள் நீண்டிருந்தன.

வெயில் தணிந்தது என்று பார்த்து ஞானாம்பிகை ஏறச் சொன்னாள். இந்த முறை குணலட்சுமி அழவில்லை. "அழுது முடிஞ்சுது," என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் எண்ணியிருந்தாள் ஞானாம்பிகை, ஒன்றைத் தவிர. மத்தியானத்து வெயில் மேலேயிருந்து விழும். அதைக் கூடாரம் தடுக்கும். பின்நேரத்து வெயிலோ பக்கத்திலிருந்து வரும். நீர்வேலியிலிருந்து பட்டினத்துக்குப் போகிற தெருவோ மேற்கும் தெற்குமாகச் சரிந்து போகிறது. வீட்டில் ஏணையைத் திசை பார்த்து மாற்றி மாற்றிக் கட்டிய அவளுக்கு, தெருவை மாற்றிக் கட்ட முடியாதென்பது கோப்பாயைத் தாண்டியபோதுதான் உறைத்தது. கூடாரத்தின் முன்வாயால் வெயில் நேரே உள்ளே நுழைந்து, முதலில் வாழைக்குலையில் விழுந்து, பிறகு ஏணையின் விளிம்பில் ஏறி, பிள்ளையின் கன்னத்துக்கு வந்துவிட்டது.

அவள் ஒரு சேலையை எடுத்து நடராசாவின் முதுகுக்குப் பின்னால் திரையாகக் கட்டினாள். வெயில் மறைந்தது. காற்றும் மறைந்தது. கூடாரம் புழுங்கத் தொடங்கி, பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீரிட்டது. கழுத்து மடிப்பெல்லாம் கசகசவென்று நனைந்துவிட்டது. சேலையை அவிழ்த்தாள்.

"என்ரை குடையைப் பிடி," என்றாள் பராசக்தி. அவளுடைய புருசன் மலாயாவிலிருந்து கொண்டுவந்த பெரிய கறுப்புக் குடை. அதை அவள் கோயிலுக்குப் போகும்போதுகூட இரவல் கொடுப்பதில்லை.

ஞானாம்பிகை முன்பக்கமாகக் குடையை நீட்டி விரித்தாள். அது படீரென்று விரிந்தது. கடைக்கண்ணில் கறுப்பாக ஏதோ வீங்குவதைக் கண்ட மாடு, வாலைத் தூக்கிக்கொண்டு நாலுகாற் பாய்ச்சலில் பறந்தது. நடராசா கயிற்றைப் பிடித்து, "ஓ, ஓ, என்ரை ராசா!" என்று கெஞ்ச, கதலிக்குலை தெருவில் விழ, தில்லைநாதன் குலையை எடுப்பதா வண்டிலைத் துரத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தான். ஒரு வெங்காயத் தோட்டத்து வேலியோரம் மாடு தானாகவே நின்றது.

"அம்மா, ஒண்டில் குடை, இல்லாட்டி மாடு. ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ," என்றான் நடராசா மூச்சு வாங்க.

கன்னம் சிவக்கத் தொடங்கிவிட்டது. ஞானாம்பிகை புறங்கையை அதில் வைத்துப் பார்த்தாள். தேரன்று வைத்துப் பார்த்த அதே சூடு வந்துவிடுமோ என்று கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"நடராசாண்ணை, அந்தப் புளியமரத்தடியிலை நிப்பாட்டுங்கோ. வெயில் தணியட்டும். பேந்து போவம்."

"பேந்து எண்டால் விளக்கு வைச்சிடுவினம்!" என்றாள் பராசக்தி.

"வைக்கட்டும்."

"விளக்கு வைச்சாப் பிறகு படியேத்தக்கூடாது எண்டு சொன்னனான்."

"அப்ப திரும்புவம்."

"வெளிக்கிட்ட பயணம் திரும்பவும் கூடாது!"

"மச்சாள், போனாலும் வெயில், நிண்டாலும் குற்றம், திரும்பினாலும் குற்றம். நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ. ஆனால் என்ரை பிள்ளையிலை வெயில் படக்கூடாது. அதுக்கு மிஞ்சின சாத்திரம் எனக்கில்லை."

புளியமரத்தடியில் வண்டில் நின்றது. தில்லைநாதன் சைக்கிள் மணியை ஒருமுறை தட்டிவிட்டு, தட்டியிருக்கக்கூடாது என்று கையை எடுத்தான். பராசக்தி சூரியனைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். ஏணைக்குள் குனிந்து பார்த்தாள். மருமகன் அழுத களைப்பில் உதட்டைப் பிதுக்கி விம்மிக்கொண்டு கிடந்தான். ஒரு கன்னம் மாத்திரம் சிவந்து, மற்றக் கன்னத்துக்குச் சொந்தமில்லாததுபோல இருந்தது.

"தள்ளு," என்றாள்.

"என்ன, மச்சாள்?"

"வாழைக்குலையைப் பின்னுக்குத் தள்ளு. நான் முன்னுக்கு வாறன்."

பராசக்தி சிறிய உடம்புக்காரியல்ல. கலியாணவீட்டுப் பந்தியில் அவளுக்கு இரண்டு இலைக்கான இடம் ஒதுக்குவார்கள். அவள் நகர்ந்து வந்து நடராசாவின் பின்னால் சம்மணம் கூட்டி அமர்ந்தபோது வண்டில் முன்னுக்குச் சாய்ந்து, மாடு திரும்பிப் பார்த்தது. கூடாரத்துக்குள் பொழுதுபட்டதுபோல நிழல் விழுந்தது. அவளுடைய இரண்டு பக்கத்தாலும் காற்று வந்து ஏணையைத் தொட்டது.

"இப்ப படுதோ?"

"இல்லை, மச்சாள். ஒரு பொட்டும் இல்லை."

"அப்ப விடடா வண்டிலை."

வெயில் பராசக்தியின் நெற்றியிலும் மூக்கிலும் முழுவதாக இறங்கியது. அவள் ஒரு கண்ணை மூடினாள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினாள். தெரு வளைகிற இடங்களில், "கொஞ்சம் இடப்பக்கம், மச்சாள்," என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவள் இடப்பக்கம் நகருவாள். "இனி வலப்பக்கம்." வலப்பக்கம் நகருவாள்.

"சாத்திரியார் என்னட்டை நேரம் மட்டும் சொன்னார். எந்தப் பக்கம் குந்திறதெண்டு சொல்லேல்லை," என்று முணுமுணுத்தாள்.

இருபாலையில், மீன் விற்று முடித்துக் குருநகருக்கு நடந்துகொண்டிருந்த செபஸ்தியம்மா, தலையில் வெறும் கடகத்தோடு வண்டிலுக்குப் பக்கமாக வந்தாள். அரியாலைப் பக்கமும் மீன் கொண்டு போகிறவள் என்பதால் பராசக்தியைத் தெரியும்.

"என்ன பராசக்தியக்கா, சூரிய நமஸ்காரமோ? கோயிலிலை செய்யிறதை வண்டிலிலை செய்யிறியள்?"

"போடி உன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு."

"உள்ளுக்குள்ளை என்ன, தங்கமோ? அப்பிடி மறைக்கிறியள்!"

"தங்கம்தான். வெயில் பட்டால் உருகிப்போம்," என்றாள் பராசக்தி. சொன்னபின், தான் சொன்னது தனக்கே பிடித்ததுபோல உடம்பை இன்னும் கொஞ்சம் அகட்டி இருந்தாள்.

நல்லூர் கழிந்து அரியாலைக்குக் கிழக்கே திரும்பியதும் வெயில் முதுகுப் பக்கம் போனது. "அப்பாடா," என்று பராசக்தி முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடியவில்லை.

"மச்சாள், பின்னாலை வருது."

கூடாரத்துக்குப் பின்பக்கத்திலும் ஒரு வாய் உண்டென்பதை எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். பராசக்தி இறங்கி, சுற்றி வந்து, பின்னால் ஏறி அமர்ந்தாள். அடுத்த கணம் வண்டிலின் முன்பக்கம் எழும்பியது. நுகம் கழுத்தைவிட்டு மேலே போக, மாடு கால் நுனியில் நின்று வானத்தைப் பார்த்தது.

"அக்கா, என்ரை மாடு பறக்கப்போகுது!" என்று நடராசா கத்தினான்.

"குலையளை முன்னுக்குப் போடு! தம்பி, நீயும் முன்னுக்கு ஏறு! சைக்கிளையும் ஏத்து!"

குலை, சைக்கிள், தில்லைநாதன் எல்லாம் முன்னால் போனபின் வண்டில் சமனுக்கு வந்தது. பராசக்தி முதுகை மேற்கே கொடுத்து, இரண்டு கையாலும் கூடாரத்து வளைகளைப் பிடித்துக்கொண்டு, ஏணைக்கு நேரே முகத்தை வைத்திருந்தாள். பிள்ளை விழித்திருந்தது. இவ்வளவு பெரிய முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அது முன்பு கண்டதில்லை. கொஞ்ச நேரம் ஆராய்ந்து பார்த்தது. பிறகு கையை நீட்டி, சிவந்து பளபளத்துக்கொண்டிருந்த மாமியின் மூக்கை இறுக்கிப் பிடித்தது. விடவில்லை.

"எடுத்துவிடட்டோ, மச்சாள்?"

"கிடக்கட்டும்," என்றாள் பராசக்தி மூக்காலே.

அரியாலை வீட்டில் கிழவர் பொன்னம்பலம் கைத்தடியோடு படலையிலே நின்றார். விளக்குக்குத் திரி மாத்திரம் போட்டிருந்தது, இன்னும் ஏற்றவில்லை. தண்ணீர் தெளித்து, ஆலாத்தி எடுத்தபின், ஞானாம்பிகை பிள்ளையோடு வலது காலை வைத்து ஏறினாள். ஏறிய உடனே அவள் செய்த முதல் வேலை, பிள்ளையின் கன்னத்திலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்ததுதான். வாழைத்தண்டுபோலக் குளிர்ந்திருந்தது. மாமனாரின் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். மூன்று பொழுதாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது.

கிழவர் பேரனை உச்சி மோந்து, நிமிர்ந்து, பின்னால் வந்தவளைப் பார்த்தார்.

"உது ஆரடா, நீர்வேலியிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்தது?"

"அப்பு, அது அக்கா," என்றான் தில்லைநாதன்.

நெற்றியும் மூக்கும் செங்கல் நிறம். கண்ணைச் சுருக்கிய இடங்களில் மாத்திரம் பழைய நிறம் கோடு கோடாக இருந்தது. பராசக்தி ஒரு மூக்குப்பேணி மோரை அண்ணாந்து குடித்து முடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"தம்பி, சைக்கிளை இறக்கு. சாத்திரியாரட்டைப் போ."

"இப்பவோ? என்னத்துக்கு, அக்கா?"

"நாளைக்குச் சோறு தீத்துறது சூரியன் தென்னைக்கு மேலை வர முன்னம் முடியவேணும். பேந்து, இவையள் நீர்வேலிக்குத் திரும்பிப் போக ஒரு நேரம். விடியப்புறமோ, பொழுதுபட்டோ, வெயில் இல்லாத நேரமாப் பாத்து எடுத்துத் தரட்டாம்."

"இல்லை, உச்சிதான் நல்லது எண்டு அவர் சொன்னால்?"

"சொன்னால், அவரை முன்னுக்கு இருத்தித்தான் வண்டில் கட்டுவன் எண்டு சொல்லு," என்றாள் பராசக்தி. "ஆனால் அவர் மெல்லிய மனிசன். அவரிலை நிழல் விழாது. தன்ரை தம்பியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."